தோள் மாறும் குரங்கு

"சார், ஒரு நிமிஷம். அந்த அட்டைப்பெட்டிக்காரர் மூணாவது தடவையா தேதியைத் தள்றார். என்ன பண்ணட்டும்?"

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு கேள்வி வரும். ஒரு கையில் கோப்பு, மறு கையில் கைபேசி. நின்று யோசிக்க நேரமில்லை. யோசிக்காமல் பதில் சொல்லவும் மனமில்லை. "சரி தம்பி, நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். கேட்டவர் நிம்மதியாகச் சாப்பிடப் போவார். சாயங்காலம் அவரே என் மேசைக்கு வந்து, "என்ன சார், பேசிட்டீங்களா?" என்பார். அந்த நேரத்தில் எங்களில் யார் யாருக்கு மேலதிகாரி என்று வெளியாள் ஒருவரைக் கேட்டால் தப்பாகத்தான் சொல்வார்.

"பார்க்கிறேன்" என்பது தமிழில் ஒரு விசித்திரமான சொல். கடன் கேட்டு வந்தவருக்கும் அதுதான் பதில், வரன் கொண்டு வந்தவருக்கும் அதுதான் பதில். ஆமாம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. அலுவலகத்தில் மட்டும் அது முழு வாக்குறுதி. அதைச் சொன்ன கணத்தில் வேலை கை மாறிவிடுகிறது.

இந்தக் காட்சியை 1974-லேயே இரண்டு அமெரிக்கர்கள் எழுதிவிட்டார்கள். வில்லியம் ஆங்கன், டொனால்ட் வாஸ் இருவரும் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் எழுதிய குரங்குக் கட்டுரை அது. வேலையைப் பகிர்ந்து கொடுப்பது பற்றி எந்த நட்சத்திர ஓட்டலில் வகுப்பு நடந்தாலும், மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்தக் குரங்கு திரையில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த இதழின் மறுபதிப்புகளில் மிக அதிகம் விற்றவற்றுள் அது ஒன்று. 1999-ல் ஸ்டீபன் கோவியின் உரையோடு மறுபடி வெளிவந்தது. ஐம்பது ஆண்டு நின்ற எழுத்தைப் புகழ்வதில் சிரமம் ஒன்றுமில்லை. அதை நம்பி நடந்தவன் என்ற முறையில், அது எதுவரை தாங்குகிறது, எங்கே முறிகிறது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

கட்டுரையின் வாதம் எளிமையானது. ஒவ்வொரு வேலையிலும் ‘அடுத்த நடவடிக்கை’ என்று ஒன்று உண்டு. அதுதான் குரங்கு. ஊழியர் நடைவழியில் மேலாளரைப் பிடித்து, "நமக்கு ஒரு சிக்கல்" என்று ஆரம்பிக்கும்போது குரங்கின் ஒரு கால் ஊழியர் தோளில், ஒரு கால் மேலாளர் தோளில். "யோசித்துச் சொல்கிறேன்" என்று மேலாளர் சொன்னதும் இரண்டு காலும் இந்தப் பக்கம் வந்துவிடும். இங்கே ஆசிரியர்கள் ஒரு நுட்பத்தைக் கண்டுகொண்டார்கள். மேலாளருக்கு அந்த விஷயத்தில் தலையிடும் அளவுக்குத் தெரியும். உடனே முடிவு சொல்லும் அளவுக்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் குரங்கு தாவுகிறது. பிறகு ஒரு கணக்கு: நான்கு ஊழியர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குரங்கு, வாரத்துக்கு ஐந்து நாள். வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் அறையில் 60 குரங்குகள் கத்திக்கொண்டிருக்கின்றன. சனிக்கிழமை அவற்றைக் கவனிக்க அலுவலகம் வருகிறவர், தன் ஊழியர்கள் நால்வரும் கோல்ஃப் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கிறது. திங்கட்கிழமை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, அவரவர் குரங்கை அவரவர் தோளில் ஏற்றி அனுப்புகிறார்.

நோயைக் கண்டறிந்த வகையில் இதற்குக் குறை சொல்ல முடியாது. வேலை மேலே ஏறுவது சோம்பலாலோ சூழ்ச்சியாலோ அல்ல, பேச்சின் ஒரு சிறு பழக்கத்தால் என்று காட்டியது பெரிய விஷயம். சாயங்காலம் வந்து "பேசிட்டீங்களா?" என்று கேட்பதற்கு அவர்கள் ‘மேற்பார்வை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் முறை வாசித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை வாசித்தபோது நான் ‘பார்க்கிறேன்’ என்று சொல்லிவைத்தவற்றை ஒரு தாளில் எழுதினேன். இருபத்திரண்டு இருந்தன.

நம் ஊரிலும் இந்த விஷயத்தில் ஒரு குரங்கு உண்டு. "குரங்கு கையில பூமாலையக் குடுத்த மாதிரி ஆயிடும் சார்" என்பது பொறுப்பைக் கீழே விடத் தயங்கும் மேலாளர்களின் நிரந்தர வசனம். அமெரிக்கக் கட்டுரையில் குரங்கு என்பது வேலை. நம் பழமொழியில் குரங்கு என்பது ஊழியர், வேலை பூமாலை. இந்த வித்தியாசத்தைத் தாண்டாமல் அந்தக் கட்டுரையை இங்கே நடத்திப் பார்க்க முடியாது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

முதல் முறிவு: குரங்கு யாருடையது என்ற கேள்வி. கட்டுரை அதைக் கீழே உள்ளவருடையது என்று எடுத்துக்கொண்டே பேசுகிறது. அட்டைப்பெட்டி விவகாரத்துக்கு வருகிறேன். கட்டுரையை வாசித்த உற்சாகத்தில், "தம்பி, இது உங்க வேலை. நீங்களே பேசி முடிச்சுட்டு எனக்குச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினேன். அவர் பத்து முறை தொலைபேசியில் பேசினார், ஒரு முறை நேரிலும் போய்விட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் பெட்டிக்காரர் மரியாதையாக ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்: பழைய பில் பாக்கி வந்தால் அடுத்த லோடு. எங்கள் கணக்குப் பிரிவு மூன்று மாதமாக அவருக்குப் பணம் விடவில்லை. அந்தப் பிரிவின் தலைவரிடம் போய் உட்கார்ந்து பேசக்கூடிய ஆள் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். ஆக, அந்தக் குரங்கு ஆரம்பத்திலிருந்தே என்னுடையது. அதை நான் திருப்பிக் கொடுத்தது பகிர்வு ஆகாது. தமிழில் அதற்குச் சரியான பெயர் இருக்கிறது: தலையில் கட்டுவது.

ஒரு வேலையைக் கீழே கொடுக்கலாமா என்று தீர்மானிக்கக் கேட்க வேண்டிய கேள்வி "இவரால் முடியுமா?" என்பதற்கு முன்னால் ஒன்று உண்டு. "இது முடிய எந்தக் கதவு திறக்க வேண்டும், அதன் சாவி யாரிடம்?" இந்தக் கேள்வியைக் கட்டுரை கேட்பதில்லை. நேரத்தை மிச்சம் பிடிப்பது அதன் நோக்கம். அதனால் குரங்கைத் திருப்பி அனுப்புவதே வெற்றி என்று அதற்குத் தோன்றிவிடுகிறது.

இரண்டாவது, முன்முயற்சியின் படிகள். சொல்லும்வரை காத்திருப்பது, என்ன செய்ய என்று கேட்பது, யோசனை சொல்லி ஒப்புதல் பெற்றுச் செய்வது, செய்துவிட்டு உடனே தெரிவிப்பது, தானே செய்துவிட்டு வழக்கமான நேரத்தில் அறிக்கை தருவது என்று ஐந்து படி. முதல் இரண்டையும் மேலாளர் தடை செய்ய வேண்டும் என்கிறது கட்டுரை. படிகளின் வரிசை அருமையானது. ஒரு வேலையைக் கொடுக்கும்போது "இதில் நீங்கள் எந்தப் படியில் நிற்கலாம்" என்று சொல்லிக் கொடுப்பதைப் போல் பயனுள்ள பழக்கம் வேறில்லை. பகிர்வில் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி, கொடுத்தவர் மூன்றாம் படி என்றும் வாங்கியவர் ஐந்தாம் படி என்றும் நினைத்துக்கொண்டதால் வருவது.

ஆனால் தடை என்பது வேறு. "சார் என்ன நினைப்பாரோ" என்று கேள்வியை விழுங்கிக்கொள்வது நம் அலுவலகங்களில் இயல்பாகவே நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் கை தூக்கத் தயங்கிய அதே பிள்ளைதான் வேலைக்கு வந்திருக்கிறது. கேட்பதைத் தடை செய்தால் அவர் தானாக முடிவெடுக்க மாட்டார். முதல் படிக்கு இறங்கி, சத்தமில்லாமல் காத்திருப்பார். தவறு நடந்து முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

கேள்வியைத் தடுக்காமலே கேள்வி குறைகிற இடம் ஒன்று மதுரையில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை, டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, 2 ஆண்டு பயிற்சி தருகிறார்கள். பார்வைப் பரிசோதனை, கண்ணழுத்தம் பார்ப்பது, அறுவைக்குத் தயார் செய்வது, அறுவையில் கூட நின்று உதவுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் கையில். நோயைத் தீர்மானிப்பதும் கத்தி வைப்பதும் மருத்துவருக்கு. ஒரு மேசையில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். இப்படித்தான் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 கண்புரை அறுவைகள் செய்ய முடிகிறது.

மேலாண்மை வகுப்புகளில் அரவிந்தை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் அந்த வேகத்தைச் சொல்கிறார்கள். அந்த 2 ஆண்டைச் சொல்வதில்லை. நம்மில் எத்தனை பேர் ஒரு வேலையைக் கொடுக்கும் முன் இரண்டு நாள் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? அதே சமயம் இந்த எடுத்துக்காட்டுக்கும் எல்லை உண்டு. அங்கே கை மாறியது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் வேலை. ஒவ்வொரு அசைவுக்கும் முறை எழுதி வைக்கலாம். பெட்டிக்காரர் தேதியைத் தள்ளும்போது என்ன செய்வது என்பதற்கு எழுதி வைத்த முறை கிடையாது. அங்கே கொடுக்க வேண்டியது முடிவெடுக்கும் உரிமை. அந்த உரிமைக்குள் தவறு செய்யும் உரிமையும் சேர்ந்தே வருகிறது.

இதுதான் மூன்றாவது முறிவு, என் பார்வையில் மிகப் பெரியதும் இதுவே. குரங்கு தோளிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி-3: 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்கு. திட்ட இயக்குநர் அப்துல் கலாம்; இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். ஏவுவதற்குச் சில நிமிடம் முன்பு கணினி நிறுத்தச் சொன்னதையும், உடனிருந்த வல்லுநர்களைக் கேட்டுவிட்டுத் தானே அதை மீறி ஏவ முடிவெடுத்ததையும் கலாம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாடு பழுதாகி, ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். தவான் தானே போய் அவர்கள் முன் உட்கார்ந்து, தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை எஸ்.எல்.வி-3, 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றைக்குச் செய்தியாளர் கூட்டத்தை நீங்கள் நடத்துங்கள் என்று தவான் கலாமை அனுப்பினார்.

இந்தக் கதை தேய்ந்துபோகும் அளவுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. ‘நல்ல தலைவன் பழியைத் தான் ஏற்று, புகழைப் பிறருக்குத் தருவான்’ என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் கவனிக்கத் தக்கதாகத் தோன்றுவது செய்தியாளர் கூட்டங்கள் இரண்டும் அல்ல, அவற்றுக்கு இடையில் இருந்த பதினொரு மாதம். திட்டம் கலாம் கையிலேயே இருந்தது. கணினியை மீறியது அவர் முடிவு, ராக்கெட் விழுந்தது, ஆனாலும் அடுத்த முறை முடிவெடுக்கும் இடத்தில் அவரே நின்றார். ஒருவரிடம் பொறுப்பை முதல் முறை கொடுப்பது நம்பிக்கையால் ஆகாது, பெரும்பாலும் வேறு ஆள் இல்லாததால் ஆகும். விழுந்த பிறகு அதே கைக்கு இரண்டாம் முறை கொடுக்கும்போதுதான் கொடுத்தது கொடுத்ததாகிறது. செய்தியாளர் முன் பழியை ஏற்பது ஒரு மாலை வேலை. மறுநாள் காலை அந்தக் கோப்பைத் தன் மேசைக்கு இழுத்துக்கொள்ளாமல் இருப்பது கடினம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சொன்னவர் கலாம், நன்றியுள்ள ஒருவரின் நினைவு கொஞ்சம் பொன் பூசிக்கொள்ளும். தவானின் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு வசதியும் இருந்தது: அது அரசின் ஆய்வுத் திட்டம், சோதனை ஏவல், விழலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாதக் கடைசியில் இலக்கு கேட்கும் முதலாளியிடம் வேலை செய்யும் ஒரு மேலாளருக்கு அந்த வசதி கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தவானைக் குறைத்துக் காட்டவில்லை. பகிர்வுக்கு முன்னால் ஒருவர் எதைத் தயார் செய்ய வேண்டும் என்று காட்டுகிறது. எவ்வளவு விழுந்தால் தாங்கும் என்ற கணக்கை முன்கூட்டியே போட்டு, அதற்கு மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாதவர் கொடுத்ததை முதல் தவறிலேயே பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில் குறளைக் கொண்டுவராமல் தமிழில் இந்த விஷயத்தை எடைபோட முடியாது. தெரிந்துவினையாடல் என்ற 52-ஆம் அதிகாரத்தின் 517-ஆம் குறளை அறியாத மேலாளர் தமிழ்நாட்டில் இல்லை. நாள்காட்டியிலிருந்து மாநாட்டு மேடைவரை எங்கும் அதுதான். வேலையையும் வழியையும் ஆளையும் பொருத்திப் பார், பொருந்தினால் அவனிடம் விட்டுவிடு. இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வள்ளுவர் நிறுத்தவில்லை. அடுத்த மூன்று குறள்களையும் சேர்த்துப் படித்தால்தான் 517 நிற்கும்.

518 சொல்வது: ஒருவன் தகுதியானவன் என்று கண்ட பிறகு, அவனை அந்த வேலைக்கு உரியவனாக ஆக்கு. வேலை கொடுத்தது போதவில்லை. உரிமையும் சேர்ந்து போக வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரம் என்று இன்று படித்துக்கொள்ளலாம். 519 அதைவிடக் கூர்மையானது. வேலையில் முழுதாக ஈடுபட்டவன் எடுத்துக்கொள்ளும் உறவுரிமையை வேறு மாதிரி நினைப்பவனை விட்டுச் செல்வம் விலகும். "என்னைக் கேட்காம எப்படி முடிவெடுத்தீங்க?" என்று ஒரு மேலாளர் குரல் உயர்த்தும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பொறுப்பைக் கொடுத்தவருக்கு, வாங்கியவர் பொறுப்போடு நடக்கும்போதுதான் முதல் மனவருத்தம் வருகிறது. ஆங்கன், வாஸ் இருவருக்கும் கைக்கு எட்டாத நுட்பம் இது. அவர்கள் மேலாளரின் நேரத்தைப் பார்த்தார்கள். வள்ளுவர் மேலாளரின் அகந்தையைப் பார்த்திருக்கிறார்.

520, ஆளும் மன்னன் வேலை செய்கிறவனை நாள்தோறும் ஆராய வேண்டும் என்கிறது. 517-இல் விடச் சொன்னவர் 520-இல் தினமும் பார் என்கிறாரே, முரண் இல்லையா? இல்லை. ஆராயச் சொன்னது வேலை செய்கிறவன் கோணாமல் இருக்கிறானா என்பதை. ஒவ்வொரு அடியையும் எப்படி வைத்தான் என்பதை அல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டதன் விலை என்ன என்பதற்கு லண்டன் பேரிங்ஸ் வங்கி சாட்சி. 1762-ல் தொடங்கிய வங்கி அது. சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசனிடம் வர்த்தகத்தையும் கொடுத்தார்கள், அந்த வர்த்தகத்தின் கணக்கைச் சரிபார்த்து முடிக்கும் பிரிவையும் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே கையில் இருப்பது ஆபத்து என்று 1994-ல் உள்தணிக்கையே சுட்டிக்காட்டியது, மாற்றவில்லை. நட்டங்களை 88888 என்ற கணக்கில் அவர் ஒளித்து வைத்துக்கொண்டே போனார். லண்டன் கேட்ட பணத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பான் சந்தை சரிந்தது. பிப்ரவரி 26-ல் வங்கி விழுந்தது. நட்டம் 82 கோடி 70 லட்சம் பவுண்டு. வங்கியை ஐ.என்.ஜி. வாங்கிய விலை 1 பவுண்டு.

நல்ல லாபம் வந்துகொண்டிருப்பதாகத் தெரிந்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. நம் மேலாளர்களும் இப்படித்தான். பிரச்சினை வந்த வேலையை நாளுக்கு மூன்று முறை எட்டிப் பார்ப்பார்கள். நன்றாக நடக்கும் வேலையை வருடக்கணக்கில் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். கொள்முதலில் இருந்தவனாகச் சொல்கிறேன்: விலை கேட்கிறவரும் சரக்கு வாங்கிச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. சந்தேகம் வேண்டாத ஏற்பாடு அது.

குறளுக்கும் ஒரு குறை உண்டு. அது மன்னனுக்குச் சொன்னது. மன்னனுக்கு மேலே யாருமில்லை. இன்றைய மேலாளர் இரண்டு பக்கமும் அடிபடும் மத்தளம். 518-இல் சொன்ன உரிமையைக் கொடுக்க முதலில் அது அவரிடம் இருக்க வேண்டும். அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பெயர்ப்பலகையில் பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொ’ என்று ஓர் எழுத்து இருக்கும். பொறுப்பு என்பதன் சுருக்கம். வேலை முழுதும் அவருடையது, பதவி மட்டும் அவருடையது அல்ல. அந்த ஓரெழுத்தோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியார் நிறுவனங்களில் அந்த எழுத்தைப் பலகையில் எழுதுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தனக்கே 10,000 ரூபாய்க்கு மேல் கையெழுத்துப் போட அனுமதியில்லாத ஒரு மேலாளரிடம் போய்ப் பகிர்வின் பெருமையைப் பேசுவது கேலி. 1999-ல் எழுதிய உரையில் கோவியும் இதன் பக்கத்தில் வருகிறார். 1974-ல் மேலிருந்து கட்டளையிடும் முறையே வழக்கம், அதிகாரம் கீழே போவது குரங்கைத் திருப்பித் தருவதைவிடச் சிக்கலான காரியம் என்கிறார். ஆனால் அவர் அதற்கு மருந்தாகத் தருவது நம்பிக்கை என்ற மனநிலையை. எனக்கு அது போதவில்லை. நம்பிக்கையைக் கணக்குப் பிரிவு ஏற்காது. எழுத்தில் உள்ள ஒரு தொகை வரம்பை ஏற்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. குரங்குக் கட்டுரை, தன் நேரம் எங்கே போகிறது என்று தெரியாமல் தவிக்கும் மேலாளருக்கு முதல் வாரம் படிக்கக் கொடுக்க வேண்டியது. அதன் ஐந்து படிகள் காலத்துக்கும் நிற்கும். கேட்பதைத் தடை செய்யச் சொன்ன வரி நம் சூழலுக்குக் கேடு. அதை அடித்துவிட்டுத்தான் கொடுப்பேன். அது மேலாளரைக் காப்பாற்றுகிறது, வேலையைக் காப்பாற்றுவதில்லை. வேலையும் காப்பாற்றப்பட வேண்டுமானால் 517-லிருந்து 520 வரை ஒன்றாக வேண்டும். அதிலும் 518-ஐ ரூபாய்க் கணக்கில் எழுதி, மேலே ஒப்புதல் வாங்கி, கீழே தெரியச் சொல்ல வேண்டும். இவை இரண்டிலும் இல்லாதது, தவறு நடந்த மறுநாள் காலை என்ன செய்வது என்பது. அதற்கு ஸ்ரீஹரிகோட்டாவின் அந்தப் பதினொரு மாதத்தை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தெரிந்திருப்பது வேறு. பெட்டிக்காரர் பாக்கி ஒரு வழியாகத் தீர்ந்த பிறகு, அந்தத் தம்பிக்கு 50,000 ரூபாய்வரை தானே ஆர்டர் போடலாம் என்று மேலே பேசி எழுதி வாங்கிக் கொடுத்தேன். அதற்கு முன்புவரை ‘முழுப் பொறுப்பும் உங்களுடையது’ என்று சொல்லிக்கொண்டே, 5,000 ரூபாய்க்கு மேல் எல்லாத் தாளையும் என் கையெழுத்துக்குக் கொண்டுவர வைத்திருந்தவன் நான். முதல் மாதமே அவசரத்தில் ஓர் ஐந்தடுக்குப் பெட்டிக்கு உள்ளளவு கேட்க வேண்டிய இடத்தில் வெளியளவைக் கொடுத்துவிட்டார். 38,000 ரூபாய்க்குச் சரக்கு வந்து இறங்கிவிட்டது. எங்கள் பொருள் அதில் அரை அங்குலத்தில் நுழையவில்லை.

நான் திட்டவில்லை. அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டேன். மேலிடத்தில் "என் பிரிவில் நடந்தது, என் தவறு" என்று சொல்லவும் செய்தேன். தவான் கதை மனதில் இருந்தது. பிறகு அவர் பேசும் முன் நானே பெட்டிக்காரரை அழைத்துப் பேசினேன். அந்த 50,000 வரம்பைத் ‘தற்காலிகமாக’ நிறுத்தி வைக்கச் சொல்லிக் கணக்குப் பிரிவுக்கு ஒரு வரி அனுப்பினேன். அந்த வரியின் நகல் அவருக்கும் போனது.

பெட்டிகளை வீணாக்கவில்லை. அடுத்த இரண்டு தீபாவளிக்கு ஊழியர்களுக்கான இனிப்பும் காரமும் அதில்தான் போட்டுக் கொடுத்தோம். கணக்கில் நட்டம் என்று எழுதியது 38,000 ரூபாய். என்னைக் கேட்காமல் அவர் எடுத்த கடைசி முடிவு அது.